நஞ்சுக்கொடி, ஹார்மோன்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: மேடம், எனக்கு 8 வாரம். 12 வாரம் வரை புரோஜெஸ்டிரோன் மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தியதும் கரு கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள். கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்கும் பொறுப்பை, 12 வாரத்துக்குள் நஞ்சுக்கொடி (கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டியிருந்து குழந்தையைப் போஷிக்கும் உறுப்பு) ஏற்றிருக்கும். சினைமுட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையில், கார்ப்பஸ் லூட்டியம் என்ற ஒரு தற்காலிகச் சுரப்பி உருவாகி, முதலில் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் அதன் ஆயுள் சுமார் 14 நாள்தான். அது சுருங்கியதும் புரோஜெஸ்டிரோன் இறங்கும், மாதவிலக்கு வரும். கரு தங்கினால், அதைச் சுற்றியுள்ள செல்கள் எச்சிஜி ஹார்மோனைச் சுரந்து அந்தச் சுரப்பியை வாடவிடாமல் காக்கின்றன. வீட்டில் சிறுநீர் சோதனையில் இரண்டு கோடு காட்டியதே, அது இந்த எச்சிஜிதான். ஏறக்குறைய 7 முதல் 9 வாரத்தில் நஞ்சுக்கொடியே போதிய புரோஜெஸ்டிரோன் தயாரிக்கத் தொடங்கிவிடும். கர்ப்பப்பையின் உட்சுவர் உதிராமலும், தசை இறுகாமலும் இருப்பது இதனால்தான். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் எல்லாம் வருவதற்கும் இது ஒரு காரணம். குடல் தசையையும் சேர்த்துத் தளர்த்திவிடுகிறது. ஒன்று மட்டும்: மாத்திரையை நீங்களாக நடுவில் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: என் ரத்தம்தானே குழந்தைக்குப் போகிறது? வகை வேறாக இருந்தால் என்ன ஆகும்?

பதில்: இரண்டு ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடியின் விரல் போன்ற மெல்லிய நீட்சிகளுக்குள் குழந்தையின் ரத்தம் ஓடும், வெளியே உங்கள் ரத்தம் அவற்றை நனைத்தபடி இருக்கும். நடுவிலுள்ள சவ்வு வழியே ஆக்ஸிஜனும் சர்க்கரையும் உள்ளே போகும், கழிவுகள் வெளியே வரும். மதுவும் நிகோட்டினும்கூடத் தாண்டிப் போய்விடும் என்பதை மறக்காதீர்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் (ஆர்எச் நெகட்டிவ்) என்றால் மட்டும் டாக்டரிடம் ஊசி பற்றிக் கட்டாயம் கேளுங்கள். பிரசவத்தின்போது கொஞ்சம் ரத்தம் கலந்து அடுத்த கர்ப்பத்துக்குச் சிக்கல் வரலாம்.

கேள்வி: 26ஆம் வாரத்தில் சர்க்கரை என்றார்கள். "இனிப்பை அள்ளிச் சாப்பிட்டாய்" என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

பதில்: இதை வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள், சகோதரி. இது உங்கள் குற்றமே இல்லை. நஞ்சுக்கொடி வளர வளர, அது சுரக்கும் ஹார்மோன்கள் உங்கள் உடலில் இன்சுலின் வேலை செய்வதை மந்தப்படுத்துகின்றன. உங்கள் ரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதலாக இருந்தால் குழந்தைக்குத் தாராளமாகக் கிடைக்கும் என்பதற்காக உடல் செய்யும் ஏற்பாடு இது. பெரும்பாலான தாய்மாருக்குக் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். சிலருக்கு அது போதாமல் போகும், அவ்வளவுதான். 24 முதல் 28 வாரத்தில் சோதனை செய்வதும் இதனால்தான். திட்டுவதை விட்டுவிட்டு, உணவிலும் நடைப்பயிற்சியிலும் கூட நிற்கட்டும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் பலருக்குச் சர்க்கரை தானே இறங்கிவிடும். ஆனாலும் 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 20 வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: கர்ப்பப்பை விரிய விரியப் பெரும்பாலும் மேலே போய்விடும். 32 வாரம் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். நடுவில் ரத்தம் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் எதற்காகப் பரிசோதிக்கிறார்கள்?

பதில்: தம்பி, அரைக்கிலோ எடையில் தட்டு மாதிரி இருக்கும் அதைத் தட்டில் விரித்து இரண்டு பக்கமும் பார்ப்போம். குழந்தை இருந்த பக்கம் வழவழப்பாக, ரத்தக்குழாய்கள் பரவி இருக்கும். தாயின் பக்கம் கருஞ்சிவப்பாக, திட்டுத் திட்டாக இருக்கும். அந்தத் திட்டுகளில் ஒன்று குறைந்தாலும் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்று அர்த்தம். அதனால் ரத்தப்போக்கு வரும். பாலும் தாமதமாகலாம், ஏனென்றால் நஞ்சுக்கொடி போய் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்கினால்தான் பால் பெருகத் தொடங்கும். வழக்கமாக 2 முதல் 4 நாளில் பால் கட்டும். அதற்கு மேலும் பால் இறங்காமல், ரத்தமும் அதிகமாகப் போனால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.