ஷவர் டைவர்ட்டர்: சுவரை உடைக்காமல் மேல் பாகத்தை மட்டும் மாற்றலாமா?

கேள்வி: எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். கட்டி 13 வருஷம் ஆகிறது. பாத்ரூமில் சுவருக்குள் பதித்த சிங்கிள் லீவர் டைவர்ட்டர் (ஒரே கைப்பிடியில் சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து, ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு). தண்ணீர் ஒழுங்காக வருகிறது, கசிவும் இல்லை. பிளேட்டிலும் கைப்பிடியிலும் குரோம் உரிந்து பச்சை பூத்துவிட்டது. பிளம்பர், டைல்ஸை உடைத்து முழு செட்டையும் மாற்ற வேண்டும் என்கிறார். அதே டைல்ஸ் இப்போது கிடைக்காது. என்ன செய்யலாம்?

பதில்: கசியாத டைவர்ட்டருக்காகச் சுவரை உடைக்க வேண்டாம். சுவருக்குள் இருப்பது பித்தளை பாடி, அதற்குள் தண்ணீரைத் திறந்து மூடிக் கலக்கும் கார்ட்ரிட்ஜ். வெளியே தெரியும் பிளேட், மூடி, பட்டன், கைப்பிடி எல்லாம் சேர்ந்து தனிப் பெட்டியாக, தனி எண்ணோடு விற்கின்றன. கடையில் 'எக்ஸ்போஸ்டு பார்ட்' அல்லது 'அப்பர் பார்ட்' என்று கேளுங்கள்.

ஆனால் உள்ளே எந்தக் கம்பெனி பாடியோ, மேல் பாகமும் அதே கம்பெனியுடையதாக, அந்த பாடிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஷவர் ஆர்மும் (ஷவர் தலையைத் தாங்கும் குழாய்) ஸ்பௌட்டும் (கீழே தண்ணீர் விழும் குழாய் மூக்கு) அரை இஞ்ச் மரைதான். எந்தக் கம்பெனி வாங்கினாலும் ஏறிவிடும். அந்த நினைப்பிலேயே டைவர்ட்டர் பிளேட்டையும் வாங்கி வந்து பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கைப்பிடி உட்காரும் தண்டின் வடிவம், ஸ்குரூ துளைகளின் இடைவெளி, மூடியின் மரை மூன்றும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியிலும் பழைய பாடி வேறு, இப்போதைய பாடி வேறாக இருக்கலாம். அதனால் முதலில் கழற்றுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

கீசர் சுவிட்சை அணைத்து, அதன் கீழே இருக்கும் ஆங்கிள் காக்கை மூடுங்கள். மொட்டை மாடித் தொட்டியில் பாத்ரூம் லைனின் கேட் வால்வையும் மூடி, லீவரைத் தூக்கி மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். தரையில் தண்ணீர் போகும் ஜாலி மேல் ஒரு துணியைப் போடுங்கள். சின்ன ஸ்குரூ உள்ளே விழுந்தால் கிடைக்காது.

கைப்பிடியில் சிவப்பு, நீலப் புள்ளி போட்ட சின்ன மூடியை மெல்லிய கத்தியால் நெம்பினால் உள்ளே ஆலன் ஸ்குரூ தெரியும். பெரும்பாலும் 2.5 அல்லது 3 மி.மீ. கீ போதும். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு அதை இறுக்கிப் பிடித்திருக்கும். பலம் கொடுத்துத் திருகினால் ஆறு மூலையும் மழுங்கி, அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டுத் தளர்த்துங்கள். கைப்பிடியை நேராக இழுங்கள், ஆட்டி ஆட்டி இழுத்தால் தண்டு உடையும். பிளேட்டைச் சுற்றியுள்ள பழைய சிலிக்கானை பிளேடால் அறுத்துவிட்டே எடுங்கள். இல்லையென்றால் டைல்ஸின் மேல்பூச்சு சேர்ந்து பெயர்ந்துவிடும்.

இப்போது பாடி தெரியும். நேராக ஒரு போட்டோ, ஸ்கேலை வைத்துப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுங்கள். கார்ட்ரிட்ஜின் விட்டம் (பெரும்பாலும் 35 அல்லது 40 மி.மீ.), டைல்ஸ் பரப்பிலிருந்து தண்டின் நுனி வரை உள்ள உயரம், ஸ்குரூ துளைகளின் இடைவெளி இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். டைல்ஸில் வெட்டிய ஓட்டையின் அகலத்தையும் உயரத்தையும் அளக்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய பிளேட் பெரிது, புதியது சின்னது என்றால் ஓட்டை வெளியே பல்லைக் காட்டும். பழைய கைப்பிடியையும் மூடியையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

திறந்தது திறந்ததுதான், கார்ட்ரிட்ஜையும் மாற்றிவிடுங்கள். அடியில் உள்ள இரண்டு முளைகளும் பாடியின் குழிகளில் உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் இடம் மாறும். ஓரிங் என்ற ரப்பர் வளையத்துக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ் கேட்டு வாங்குங்கள்.

பிளேட்டை மாட்டும் முன் தண்ணீரைத் திறந்து, பாடியைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ பேப்பரை வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். நனையவில்லை என்றால் பிளேட்டை மாட்டி மேலேயும் இரு பக்கமும் மட்டும் சிலிக்கான் அடியுங்கள். கீழே இரண்டு இஞ்ச் விடுங்கள். பின்னால் கசிவு வந்தால் அந்த வழியாக வெளியே தெரியும். முழுக்க அடைத்துவிட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, அடுத்த அறையில் பெயிண்ட் உப்பிய பிறகுதான் விஷயம் தெரியவரும்.

பாடியில் வெடிப்பு இருந்தாலோ, மரை அரித்துப் போயிருந்தாலோ, அந்த பாடிக்கான மேல் பாகத்தையே கம்பெனி நிறுத்திவிட்டிருந்தாலோ பிளம்பர் சொன்னதுதான் சரி. அப்போதும் சுவரின் மறுபக்கம் வெறும் பூச்சாக இருந்தால் அந்தப் பக்கமிருந்து உடைக்கச் சொல்லுங்கள், டைல்ஸ் தப்பிக்கும்.

புதியதை ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம். பாத்ரூம் ஆசிட் குரோமைத் தின்றுவிடும். உப்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ துணியில் நனைத்துச் சில நிமிடம் வைத்துக் கழுவினால் போதும்.

கேள்வி: குடியாத்தத்தில் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினோம். அதே கம்பெனி மேல் பாகம்தான் வாங்கினேன். மூடி மரையில் ஏறவில்லை, கைப்பிடியும் சுவரில் இடிக்கிறது. தவறான பொருளா?

பதில்: பொருள் சரிதான், ஆழம்தான் கூடிவிட்டது. டைல்ஸ் 8 முதல் 10 மி.மீ., ஒட்டும் பசை 3 முதல் 6 மி.மீ.; பாடி அந்த அளவுக்கு உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு பாடிக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச ஆழம் உண்டு. பாடியோடு முதலில் வந்த பிளாஸ்டிக் கவரில் கோடு போட்டிருக்கும். உங்கள் மாடலுக்கு எக்ஸ்டென்ஷன் கிட் இருக்கிறதா என்று கம்பெனியின் சர்வீஸ் எண்ணில் கேளுங்கள். ஸ்பௌட்டுக்கும் ஷவர் ஆர்முக்கும் அரை இஞ்ச் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் பல நீளங்களில் கிடைக்கிறது. டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே 10, 12 சுற்று சுற்றி ஏற்றுங்கள். உள்ளே சிபிவிசி (பிளாஸ்டிக்) பைப் என்றால் ஸ்பேனரில் தொங்காதீர்கள், சுவருக்குள்ளேயே ஃபிட்டிங் வெடிக்கும்.

கேள்வி: காட்பாடியில் வாங்கிய மேல் பாகம் பொருந்தவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர்.

பதில்: பொருளில் குறை இருந்தால் அந்த வரி செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பொருந்தாமை மட்டும் குறை ஆகாது, உங்கள் வழக்கு அங்கேதான் பலவீனம். நீங்கள் பாடியின் மாடலைச் சொல்லி, 'இதற்குப் பொருந்தும்' என்று அவர் சொல்லியே கொடுத்தார் என்றால் நிலைமை வேறு. அதற்கு அத்தாட்சி வேண்டும். போட்டோ அனுப்பிக் கேட்ட வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். தீரவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். இனி வாங்கும்போது மேல் பாகத்தின் எண்ணோடு பாடியின் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஆற்காட்டில் மாடி வீடு. டைவர்ட்டர் பிளேட்டை மாற்றும்போதே 8 இஞ்ச் ரெயின் ஷவரும் போடலாமா?

பதில்: தொட்டியின் அடிமட்டம் ஷவருக்கு 10 அடி மேலே இருந்தாலே அழுத்தம் சுமார் 0.3 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). மாடி வீட்டில் அந்த உயரமும் இருக்காது. பெட்டியில் 0.5 பார், 1 பார் என்று குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருந்தால் பம்ப் இல்லாமல் அது சொட்டத்தான் செய்யும். இப்போதுள்ள ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, ஆர்மிலிருந்து 10 லிட்டர் வாளியில் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறையவில்லை என்றால் 4 இஞ்ச் ஷவரே போதும்.