மேப் பைத்தியம் பிடித்த பெண்ணை எதில் சேர்ப்பது?

சார், பெண் ராத்திரி ஒரு மணி வரை போனில் மேப் பார்க்கிறாள் என்று குறைப்பட்டு எழுதியிருந்தீர்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. டெல்லி முனிர்காவில் 764-ஆம் நம்பர் பஸ் அரை மணி வராமல் இருந்துவிட்டு, அப்புறம் மூன்றாகச் சேர்ந்து வருவது ஏன் என்று ப்ளஸ் டூ பிள்ளை கேட்கிறாள் என்றால், அவள் படிக்க வேண்டியது நகரத் திட்டமிடல்.

படிப்பின் பெயர் பி.பிளான், நாலு வருஷம். ப்ளஸ் டூவில் கணக்கு வேண்டும். ஜேஇஇ மெயின் விண்ணப்பத்தில் பேப்பர் 2பி-யையும் மறக்காமல் தேர்ந்தெடுங்கள். வரையத் தெரியாதே என்ற பயம் வேண்டாம், வரைதல் கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்குக்கான 2ஏ-யில்தான். உங்கள் ஆர்.கே.புரத்திலிருந்து போய்வரும் தூரத்திலேயே, ஐ.டி.ஓ. பக்கம், ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் இருக்கிறது. போக்குவரத்துத் திட்டமிடலுக்கென்றே தனி எம்.பிளான், அதாவது மேற்படிப்பு, அங்கே உண்டு.

முதலில் சிவில் இன்ஜினியரிங் என்று நீங்கள் சொல்லும் வழியும் தப்பில்லை. பி.இ. முடித்து, கேட் நுழைவுத் தேர்வு எழுதி, எம்.பிளானுக்கு வரலாம். நடுவில் மனசு மாறினாலும் கையில் ஒரு பி.இ. மிஞ்சும். ஆனால் கான்கிரீட்டோடு நாலு வருஷம் மல்லுக்கட்டியதில் மேப் ஆசையே வற்றிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இவளுக்கு என் ஓட்டு பி.பிளானுக்கே. வேலை? டெல்லியில் டிடிஏ, சென்னையில் சிஎம்டிஏ போன்ற நகர வளர்ச்சி அமைப்புகள், மெட்ரோவுக்கு ஆய்வு செய்து கொடுக்கும் கன்சல்டன்சிகள்.

நீங்கள் கேட்டிருந்த ஜிஐஎஸ் டிப்ளமோவுக்கு, அதாவது கம்ப்யூட்டரில் மேப் போட்டு ஆராயும் படிப்புக்கு, இப்போது பணம் கட்டாதீர்கள். என் அண்ணன் மகன் ஓரிடத்தில் கட்டிவிட்டு, ஆறு மாதத்தில் எந்தப் பட்டனை எங்கே அமுக்குவது என்பதை மட்டும் கற்றுக்கொண்டு வந்தான். அந்த வேலைக்கான க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், வீட்டு லேப்டாப்பில் ஓடும். டெல்லியின் ஓப்பன் டிரான்சிட் டேட்டா தளத்தில் பஸ் நிறுத்தங்களும் வழித்தடங்களும் கிடைக்கும். இறக்கி மேப்பில் போட்டுப் பார்க்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. வார நாளில் ஒரு காலை, எட்டிலிருந்து ஒன்பது வரை, முனிர்கா ரோட்டோரம் நோட்டோடு நிற்கச் சொல்லுங்கள். பஸ், கார், டூவீலர், ஆட்டோ, சைக்கிள் என்று கட்டம் போட வேண்டும். ஒரு திசையில் போகும் வண்டிகள் மட்டும். வண்டிக்கு ஒரு கோடு; நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. 15 நிமிஷத்துக்கு ஒருமுறை புது வரிசை. வால்யூம் கவுன்ட் என்பார்கள். முதல் வரிசையிலேயே டூவீலர் கணக்கு தப்பும். எல்லாருக்கும் தப்புவதுதான். இன்னும் எத்தனை பேர் நின்றால் தப்பாது என்று அவளையே கேளுங்கள்.

நீங்களும் கூடப் போங்கள் சார். பஸ்ஸை நீங்கள் எண்ணலாம், அது சுலபம்.