அரசியல் கவிதைகள் எழுதிய அமெரிக்கக் கவிஞர்களில் உங்களை மிகவும் பாதித்தவர் யார்? அரசியலில் இறங்கினால் கவிதை கெட்டுப்போகாதா?

மியூரியல் ருகைசர். 1913-இல் நியூயார்க்கில் பிறந்தவர். நான் அவரிடம் இலக்கியத்தின் வழியாகப் போய்ச் சேரவில்லை. போபால் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த அந்த ஆலை யூனியன் கார்பைடின் இந்திய நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தின் பழைய வரலாற்றைத் தேடிப் பின்னோக்கிப் போனபோது, மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மலையைக் குடைந்து போட்ட சுரங்கமும், அதைப் பற்றி ஓர் இளம்பெண் 1938-இல் வெளியிட்ட நீள்கவிதையும் கண்ணில் பட்டன. அன்றிலிருந்து அந்தக் கவிதை என்னை விட்டுப் போகவில்லை.

முதலில் சுரங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் காலி பிரிட்ஜ் அருகே. இடத்தின் பெயர் ஹாக்ஸ் நெஸ்ட். ஆற்று நீரை மலைக்குள் திருப்பி மின்சாரம் எடுப்பதற்காக 1930-இல் வேலை தொடங்கியது. நீளம் சுமார் 3 மைல். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தென்மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர். உள்ளே இருந்த பாறை ஏறக்குறைய சுத்தமான சிலிக்கா. தண்ணீர் விட்டுத் துளையிட்டால் தூசி அடங்கும். ஆனால் வேலை தாமதப்படும். ஆகவே உலர்வாகவே துளையிட்டார்கள். தொழிலாளர்களுக்கு முகமூடி தரவில்லை. அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி ஆள் போய்விடுவார். இறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் ஆராய்ந்து சொன்ன மதிப்பீடு 764.

1936-இல் நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது. அதே ஆண்டு ருகைசர், நான்சி நாம்பெர்க் என்ற புகைப்படக் கலைஞரைக் கூட்டிக்கொண்டு காலி பிரிட்ஜுக்கே போனார். அப்போது அவருக்கு வயது 22. முந்தைய ஆண்டுதான் முதல் தொகுப்புக்கு யேல் பல்கலைக்கழகத்தின் இளம் கவிஞர் பரிசு கிடைத்திருந்தது. நியூயார்க்கிலேயே இருந்து பெயர் வாங்கியிருக்கலாம். அவர் அந்த மலையூரில் மக்களைப் பார்த்துப் பேசினார், விசாரணையில் பதிவான சாட்சியங்களைப் படித்தார், இரண்டையும் சேர்த்துக் கவிதையாக்கினார்.

எப்படி ஆக்கினார் என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை. ஒரு பகுதியில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி நீதிமன்றத்தில் பேசுவதுபோலப் பேசுகிறார். இன்னொரு பகுதியில், வரிகளுக்கு நடுவே யூனியன் கார்பைடின் பங்கு விலை அப்படியே வந்து நிற்கிறது; பக்கத்தில் ஒரு விளக்கமும் இல்லை. ஒரு கறுப்பினத் தொழிலாளி பேசும் பகுதி இருக்கிறது. இரவு முழுவதும் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு, ஒரு வெள்ளைக்காரருடன் காலையில் வெளியே வருகிறார். இருவரில் வெள்ளைக்காரர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. இருவர் மேலும் அதே வெண்தூசி. அமெரிக்காவில் நிறம் என்ன பொருள் தரும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைக்கும்.

அதற்கும் மேலாக ஒரு தாய். மூன்று மகன்களும் அப்பாவோடு அதே சுரங்கத்துக்குப் போனவர்கள். கடைக்குட்டிக்கு வயது 17. அவன் படுத்த பிறகு, படுக்கையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கும் படுக்கையிலிருந்து வாசலுக்கும் அவனை அவள் கையில் தூக்கிக்கொண்டு போகிறாள். எக்ஸ்ரே எடுக்கப் பணம் இல்லை; தெருவில் நின்று பிச்சை எடுத்துப் பணம் சேர்க்கிறாள். நான் செத்தால் என்னை அறுத்துப் பாருங்கள், தூசிதான் கொன்றது என்று தெரிந்தால் உனக்கு நஷ்டஈடு கிடைக்கும் என்று மகன் அவளிடம் சொல்கிறான். இந்தப் பேச்சுக்கு இடையிடையே, பழைய எகிப்தியர்கள் இறந்தவரோடு வைத்த மந்திர நூலின் வரிகள் வருகின்றன. என் இதயம் என் வசமாயிற்று, என் இரு கைகள் என் வசமாயின, ஆறு என் வசமாயிற்று என்று. கடைசியில் தாய் சொல்கிறாள்: என் மகனுக்குப் பேசுவதற்கு நான் ஒரு வாய் கொடுப்பேன்.

இதில் பிரசாரம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். முழக்கம் எதுவும் இல்லை. அரசியலால் கவிதை கெடுவதில்லை. போய்ப் பார்க்காமல், கேட்காமல், வீட்டிலிருந்தே கோபப்படும்போதுதான் கெடுகிறது. ருகைசர் வாழ்நாள் முழுவதும் போய்ப் பார்த்தவர். 1933-இல், 19 வயதில், ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது பொய்க் குற்றம் சுமத்திய ஸ்காட்ஸ்பரோ வழக்கைப் பார்க்க அலபாமாவுக்குப் போனார். அங்கே போலீஸ் அவரைப் பிடித்து வைத்தது. டைபாய்டு காய்ச்சலும் பற்றிக்கொண்டது.

1936 ஜூலையில், ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்குக்கு எதிராக பார்சிலோனாவில் நடக்கவிருந்த மக்கள் ஒலிம்பிக்கைப் பற்றி எழுத ஸ்பெயினுக்குப் போனார். போகும் வழியிலேயே உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. ரயில் மொன்காதா என்ற சிற்றூரில் நின்றது. அந்த ரயிலில்தான் ஓட்டோ போக் என்ற ஜெர்மானிய விளையாட்டு வீரரைச் சந்தித்தார்; காதல் பிறந்தது. போக் அங்கேயே தங்கிக் குடியரசுப் படையில் சேர்ந்தார், அந்தப் போரிலேயே இறந்தார். வெளிநாட்டினரை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்ட இரவில், தளத்தில் பக்கத்தில் நின்ற ஒருவர் ருகைசரைக் கேட்டாராம்: இத்தனைக்கும் நடுவே கவிதைக்கு எங்கே இடம்? ஏறக்குறைய நீங்கள் கேட்டிருக்கும் கேள்விதான். 1949-இல் வெளிவந்த அவருடைய உரைநடை நூல் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலை அதிகம். 1943-இல் ஓர் இடதுசாரி இலக்கிய இதழே அவரைச் சுவரொட்டிப் பெண் என்று எள்ளி நகையாடியது. வலதுசாரிகள் அவர் கற்பித்த கல்லூரியிலிருந்து அவரை நீக்கச் சொன்னார்கள், கல்லூரி விட்டுக்கொடுக்கவில்லை. எஃப்.பி.ஐ. அவரைப் பற்றிச் சேர்த்த கோப்பு நூறு பக்கங்களைத் தாண்டியது. 1947-இல் ஒரு மகனைப் பெற்று, கணவர் இல்லாமல் தனியாக வளர்த்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அறுபதுகளில் ஒரு புதிய தலைமுறைப் பெண் கவிஞர்கள் அவரைத் தேடிக் கண்டெடுத்தார்கள். ஒரு பெண் தன் வாழ்வைப் பற்றிய உண்மையைச் சொன்னால் உலகம் பிளந்துவிடும் என்ற அவருடைய வரி அப்போதுதான் பரவியது.

பக்கவாதம் வந்த பிறகும் அவர் ஓயவில்லை. 1972-இல் வியட்நாம் போருக்கு எதிராக ஹனோய் போனார். வாஷிங்டனில் மறியல் செய்து கைதானார். 1975-இல் அமெரிக்க பென் எழுத்தாளர் அமைப்பின் தலைவராக இருந்தபோது, மரண தண்டனை அச்சத்தில் தனிச்சிறையில் இருந்த கவிஞர் கிம் சி ஹாவுக்காகத் தென்கொரியா சென்றார். அமைச்சர்களிடம் பேசினார், பாதிரியார்களிடம் பேசினார். ஆனால் அந்தக் கவிஞரைப் பார்க்க முடியவில்லை. மழையிலும் சேற்றிலும் சிறையின் வாசலில் நின்றார். அவருக்கு அப்போது வயது 61. அடுத்த ஆண்டு வந்த அவருடைய கடைசிப் புதுத் தொகுப்புக்கு அந்தச் சிறைக் கதவுகளே தலைப்பாயின.

கிம் சி ஹா 1980 டிசம்பரில் விடுதலையானார். ருகைசர் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார்.