பதில்: 1582 டிசம்பர் 14, பாரிஸ் – தேதி சரியா?

உங்கள் கதையின் நாயகன் பாரிஸில் இந்தத் தேதியிட்டுக் கடிதம் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுத முடியாது நண்பரே. பாரிஸில் அப்படியொரு நாளே வரவில்லை. அந்த ஆண்டு பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு பிரான்ஸ் மாறியது. மன்னர் மூன்றாம் ஹென்றியின் ஆணைப்படி டிசம்பர் 9, ஞாயிறு முடிந்ததும் மறுநாள் திங்கள், டிசம்பர் 20. கிழமை மாறவில்லை, தேதி மட்டும் பத்து நாள் தாவியது.

ரோமிலும் ஸ்பெயினிலும் அக்டோபர் 4-க்கு அடுத்த நாளே 15 ஆகிவிட்டது. ஆக, இடைப்பட்ட இரண்டு மாதமும் பாரிஸ் தேதி ரோமுக்குப் பத்து நாள் பின்னால்தான். ரோமில் நவம்பர் 20 என்று எழுதும்போது பாரிஸில் நவம்பர் 10.

கடிதத்தை டிசம்பர் 8-க்கு நகர்த்துங்கள். இல்லை, 21-க்கு வைத்தால் இன்னும் சுவை: நாலே நாளில் கிறிஸ்துமஸ், வாடகைக்கும் கடனுக்கும் தவணை எண்ணுவதில் குழப்பம்! அப்புறம், லண்டன் பாத்திரம் பதில் எழுதினால் பழைய நாட்காட்டித் தேதியே போடுங்கள். இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை.