இயற்பியல் சிந்தனை முறை பிற துறைச் சிக்கல்களில் உண்மையிலேயே உதவுகிறதா?

உதவுகிறது, ஆனால் பலரும் எண்ணுகிற வழியில் அன்று. இயற்பியலின் சொற்களைக் கடன் வாங்குவது வேறு, அதன் சிந்தனை முறையைக் கையாள்வது வேறு. மேலாண்மைக் கூட்டங்களில், பெரும் முன்னேற்றம் என்னும் பொருளில் ‘குவாண்டம் பாய்ச்சல்’ என்று முழங்குபவர்கள் முதல் வகையினர். அணுவுக்குள் நிகழும் அந்தப் பாய்ச்சல் எவ்வளவு சிறியது என்பதை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. நான் இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு, மருத்துவமனைகளுக்கான மென்பொருள் எழுதும் வேலைக்குப் போனவன். படித்த சமன்பாடுகளில் பெரும்பாலானவை மறந்துவிட்டன. எது நடக்கும் என்று கேட்பதற்கு முன்பு, எது நடக்கவே முடியாது என்று கேட்கும் பழக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த சான்று சென்னையிலேயே இருக்கிறது. சி. வி. ராமனின் மாணவரான ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். தோலிலும் தசைநாண்களிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம் உடையது என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் முன்மொழிந்தார்கள். அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கூறினார்கள். ‘அளவு’ என்றால் எவ்வளவு? படிகங்களில் அணுக்கள் அமைந்திருக்கும் விதத்தை அளந்து அதுவரை வெளியாகியிருந்த ஆய்வுகளைத் தேடி, இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் நெருங்கியிருக்கின்றன என்பதை ராமச்சந்திரன் குழுவினர் தொகுத்தார்கள். குறை கூறியவர்களுக்கு விடை சொல்லத் தொடங்கிய வேலை, அந்தக் குறையைவிடப் பெரிய கேள்விக்கு இட்டுச் சென்றது.

புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும், முதுகெலும்பு போன்ற தொடரின் இரண்டு பிணைப்புகள் மட்டுமே தாராளமாகச் சுழலக்கூடியவை; ஆகவே இரண்டு கோணங்களைச் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் சங்கிலி எப்படித் திரும்புகிறது என்பது தெரிந்துவிடும். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் அணுக்களை ஒன்றுக்குள் ஒன்று புக முடியாத கோலிக்குண்டுகளாகக் கருதி, எந்தெந்தக் கோணச் சேர்க்கையில் குண்டுகள் முட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டு, அந்த இரண்டு கோணங்களையும் இரு அச்சுகளாகக் கொண்ட வரைபடத்திலிருந்து முட்டிக்கொள்ளும் இடங்களையெல்லாம் நீக்கினார்கள். பெரும்பகுதி நீங்கிவிட்டது. எஞ்சிய சில திட்டுகளுக்குள், புரதங்களில் காணப்படுவதாக வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழுவினர் முன்பே சொல்லியிருந்த சுருள் வடிவமும் மடிப்புத் தாள் வடிவமும் அடங்கியிருந்தன. 1963இல் வெளியான அந்த ராமச்சந்திரன் வரைபடத்தைக் கொண்டுதான், புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகள் நம்பத்தகுந்தவையா என்று இன்றும் சோதிக்கிறார்கள்.

அவர்கள் எவற்றையெல்லாம் கணக்கில் கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. புரதத்தைச் சூழ்ந்த நீர், மின் விசைகள், வெப்ப அசைவு ஆகிய எதுவும் அதில் இல்லை. ஆயினும் விடை நின்றது. ஏனெனில் அணுக்கள் முட்டிக்கொள்வதால் ஏற்படும் தடைக்கு முன்னால் மற்றவை சிறியவை. விவரங்களை விடுவது யாராலும் இயலும். விடப்பட்டது உண்மையிலேயே சிறியதுதானா என்று அறிவதில்தான் திறமை இருக்கிறது. அதில் நான் தோற்ற கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் காத்திருப்பு நேரத்தைக் குறைக்க வழி கேட்டார்கள். இருக்கைகளைக் கூட்டலாம் என்பது நிர்வாகத்தின் யோசனை. ஓர் அமைப்பில் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, அவர்கள் வரும் வீதத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் என்பது ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி. அவர் இயற்பியலாளர் பிலிப் மோர்ஸிடம் ஆய்வு செய்தவர். இருக்கைகள் இந்த மூன்றில் எதையும் தொடுவதில்லை என்று விளக்கினேன், அதுவரை சரிதான். மணிக்கு 20 பேரைத்தான் பார்க்க முடியும் என்னும் நிலையில், 80 பேர் காலை ஏழு மணிக்கே வந்து நிற்பதுதான் சிக்கல் என்று கண்டு, மணிவாரியாக டோக்கன் கொடுக்கச் சொன்னேன்.

முதல் வாரம் அங்கே போய்ப் பார்த்தபோது கூட்டம் சற்றும் குறையவில்லை. பதினொரு மணி டோக்கன் வைத்திருந்தவரும் ஏழு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். “சார், அவங்க ஊருக்குக் காலையில ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். டோக்கன்ல என்ன மணி போட்டா என்ன?” என்று மூத்த செவிலியர் ஒருவர் சொன்னார். வருகை வீதம் என்று நான் ஓர் எழுத்தால் குறித்து ஒதுக்கிய எண்ணுக்குள் பேருந்து நேரப் பட்டியல் ஒளிந்திருந்தது. பின்னர் வெளியூர்க்காரர்களுக்கு முதல் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி, உள்ளூரில் இருப்பவர்களுக்கு மட்டும் பிந்திய நேரங்களைக் கொடுத்தோம். காலைக் கூட்டம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. பதிவுப் படிவத்தில் நான் புதிதாகச் சேர்த்தது ஒரே ஒரு கட்டம்: எந்த ஊர், எந்தப் பேருந்து.