கர்நாடகத் தேர்தல்: பெங்களூரில் பல வருடம் இருந்தவரிடம் கேளுங்கள்

அண்ணா, 1985-க்கு அப்புறம் அங்கே ஆளும் கட்சி ஜெயித்ததே இல்லையாமே?

தனிப் பெரும்பான்மையோடு திரும்பியதில்லை. ஆனால் 2004-இல் கூட்டணி போட்டு மறுபடி ஒரு காங்கிரஸ்காரரே முதல்வரானார், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1985 கதைதான் அழகு. 1984 டிசம்பர் மக்களவைத் தேர்தலில் 28-இல் 24 காங்கிரசுக்குப் போனதும் ஜனதா முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே ராஜினாமா செய்து, சட்டமன்றத்தைக் கலைத்துவிட்டு மக்களிடம் போனார். சில மாதத்தில் அதே மக்கள் அவருக்கு 224-இல் 139 கொடுத்தார்கள்! டெல்லிக்குப் போட்ட ஓட்டை வைத்து பெங்களூரைக் கணிக்கவே கணிக்காதீர்கள்.

கன்னடர்கள் நிலையில்லாதவர்கள் என்று சொல்லலாமா?

கூடாது. பாஜக 2018-இல் வாங்கியது 36 சதவீதம், 104 இடம். 2023-லும் அதே 36, ஆனால் 66 இடம். அந்த ஓட்டு நகரவே இல்லை. மதச்சார்பற்ற ஜனதா தளம் 18-லிருந்து 13-க்கு இறங்கியது, காங்கிரஸ் 38-லிருந்து 43-க்கு ஏறியது, 80 இடம் 135 ஆனது. மும்முனைப் போட்டியில் ஐந்து சதவீதம் போதும், ஆட்சியே மாறிவிடும்.

2028 சட்டமன்றத் தேர்தலில் யார் வருவார்கள்?

தெரியாது.

எல்லாம் லிங்காயத், ஒக்கலிகர் சாதிக் கணக்குதானே சார், இதில் புரியாத புதிர் என்ன இருக்கிறது?

கணக்கு உண்டு, மறுக்கவில்லை. 1990-இல் லிங்காயத்தான வீரேந்திர பாட்டீலை முதல்வர் பதவியிலிருந்து இறக்கியதற்கு லிங்காயத்துகளிடம் காங்கிரஸ் இன்றுவரை விலை கொடுக்கிறது. 2013-இல் லிங்காயத் தலைவர் எடியூரப்பா பாஜகவை விட்டுத் தனிக்கட்சி கண்டு ஆறே இடம் பிடித்தாலும், பாஜகவை 110-லிருந்து 40-க்குத் தள்ளிவிட்டார். ஆனால் எல்லாம் சாதி என்றால் மண்டியாவை விளக்குங்கள். ஒக்கலிகர் கோட்டை. 2018 சட்டமன்றத்தில் மாவட்டத்தின் ஏழு தொகுதியும் தளத்துக்கு. அடுத்த வருடமே மக்களவையில், தளத்தின் முதல்வர் குமாரசாமியின் மகன் சுயேச்சை சுமலதாவிடம் ஒன்றேகால் லட்சம் ஓட்டில் தோற்றார். 2023-இல் காங்கிரஸ் அந்த ஏழில் ஐந்தைப் பிடித்தது. 2024-இல் குமாரசாமியே நின்று பெரிய வித்தியாசத்தில் மக்களவைக்குப் போனார். ஊரும் சாதியும் ஆறு வருடத்தில் மாறிவிடவில்லையே?

அது சுமலதாவின் கணவர், நடிகர் அம்பரீஷ் மறைந்த அனுதாபம் சார். விதிவிலக்கைக் காட்டி விதியை மறுக்கிறீர்கள்.

அனுதாபமும் இருந்தது. ஆனால் அனுதாபம் சாதிக் கணக்கைத் தாண்டும் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வதும். 2004-ஐயும் பாருங்கள், இரண்டு தேர்தலும் ஒரே நாளில், ஒரே வாக்குச்சாவடியில். பாஜகவுக்கு மக்களவையில் 28-க்கு 18 கிடைத்தது, சட்டமன்றத்தில் 224-க்கு 79-தான். வரிசையில் நின்ற சாதியும் ஒன்றுதான். என் வீட்டு உரிமையாளர், மண்டியா பக்கத்து ஒக்கலிகர், வாசலில் பைக்கைத் துடைத்தபடி ஒருமுறை சொன்னார்: "ராஜ்யக்கே அவரு, தேசக்கே இவரு." சட்டமன்றத்துக்குத் தேவகௌடரின் தளம், மக்களவைக்குத் தாமரை. அதில் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. கட்சித் தலைமைகளும் இந்த மனிதரை மதிக்க வேண்டும், ஓட்டைக் குத்தகைக்கு எடுத்ததாக நினைக்கக் கூடாது என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

2024-இல் பாஜக கூட்டணிக்கு 19 வந்ததே, அப்படியானால் 2028-இல் அவர்கள்தானே?

மேலே ஹெக்டே கதையைப் படியுங்கள்.

என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?

2004-இல் சந்தேமரஹள்ளியில் துருவநாராயணா ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தார். 2023-இல் ஜெயநகரில் மறு எண்ணிக்கைக்கு அப்புறம் வித்தியாசம் 16. போய்ப் போடுங்கள்.

கோலார் தங்கவயல் தமிழர்கள் யாருக்குப் போடுவார்கள்?

அதிமுகவும் இந்தியக் குடியரசுக் கட்சியும் ஜெயித்த தொகுதி அது. 2001-இல் சுரங்கம் மூடியதும் தொழிற்சங்க அரசியல் தளர்ந்தது. அப்புறம் பாஜக, இப்போது காங்கிரஸ்.

சென்னைக்கு மாறிவிட்டேன், ஓட்டை மாற்றுவது எப்படி?

படிவம் 8. தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே நிரப்பலாம்.

சரி, ஒரு ஊகமாவது சொல்லுங்கள், 2028-இல் யார்?

மூன்றாவது முறை கேட்கிறீர்கள். தளமும் பாஜகவும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்தே நின்றால் மும்முனை இருமுனையாகும், நான் மேலே சொன்ன கணக்கே மாறிவிடும். அது தெரியும் வரை ஊகிக்க மாட்டேன்.