பழைய புடவை, புதிய போர்வை: வாசகர் கேள்விகள்

கேள்வி: மறைந்த என் மாமியாரின் நூல் புடவைகள் பத்துப் பன்னிரண்டு பெட்டியில் இருக்கின்றன. சாயம் போய் நைந்துவிட்டாலும் தூக்கிப்போட மனம் வரவில்லை. வங்காளத்துக் காந்தா பழம்புடவையில் செய்வது என்கிறார்கள். கடையில் காந்தா என்று விற்பதோ புத்தம் புதிய புடவை. எது உண்மையான காந்தா? அதை வீட்டில் செய்ய இயலுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாங்கள் கேள்விப்பட்டதே சரி. கடையில் இருப்பது காந்தாத் தையலால் பூவேலை செய்த புடவை. அழகானதுதான், ஆனால் அதைக் காந்தா என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மேற்கு வங்காளத்திலும் வங்கதேசத்திலும் வீட்டுப் பெண்கள், உடுத்து ஓய்ந்த வேட்டி புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சில அடுக்குகள் விரித்து, எல்லா அடுக்கையும் ஊடுருவும்படி ஓட்டுத் தையலால் நெருக்கித் தைத்த போர்வையே காந்தா. வடமொழியில் கந்தா என்றால் ஒட்டுப்போட்ட துணி; 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும்போது நாம் சொல்லும் கந்தையும் அதன் உறவுச் சொல்லே.

பழந்துணியை எடுத்தது வறுமையால் மட்டும் அன்று. பல ஆண்டுகள் துவைத்துத் துவைத்துக் கஞ்சியும் முறுக்கும் நீங்கிய நூல் துணியில்தான் ஊசி நான்கு அடுக்கையும் தாண்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். பிறந்த குழந்தைக்கு நம் வீடுகளில் பழைய வேட்டியைத் தேடி எடுப்பதுபோல, அங்கும் குழந்தையைச் சுற்றச் சிறு காந்தா தைப்பார்கள். தையல் நூலைக்கூடப் பழம்புடவையின் கரையிலிருந்து உருவிக்கொண்டதால்தான், பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்பும் மிகுந்திருக்கின்றன. நடுவில் தாமரையையும் மூலைகளில் மரங்களையும் தைத்த பிறகு, வெற்றிடத்தை வெள்ளை நூலால் உருவங்களின் ஓரத்தை ஒட்டியே வரி வரியாக நிரப்புவார்கள்; அந்தத் தையல் துணியை இழுத்துச் சுருக்குவதால் தரை முழுவதும் குளத்து நீர்போல் அலையடித்து, உருவங்கள் மேலெழுந்து நிற்கும். கல்கத்தாவை அடுத்த ஜோக்காவில், குருசதய் தத் (1882–1941) திரட்டிய கலைப்பொருள்களைக் கொண்ட அருங்காட்சியகத்தில் மானதசுந்தரி என்ற பெண் தைத்த காந்தா ஒன்று இருக்கிறது. தந்தைக்கென்று தைத்த அதில் தம் பெயரையும் அவர் தையலாகவே பதித்திருக்கிறார்.

இனி, செய்முறை. ஐந்தரை மீட்டர் புடவையைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு அடுக்கு ஆகும்; இரண்டு புடவையில் நான்கு அடுக்குள்ள, ஒருவர் போர்த்தும் போர்வை கிடைத்துவிடும். ஓர் அடுக்கின் நைந்த இடம் மற்றோர் அடுக்கின் நைந்த இடத்தின்மேல் விழாதபடி பார்த்து விரியுங்கள். பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, அடுக்குகள் நகராதிருக்க, ஒரு சாண் இடைவெளியில் தற்காலிகமான நீளத் தையலாக நூலோட்டிக்கொண்டு, அதன்பின் ஓட்டுத் தையலை நெருக்கிப் போடுங்கள். நான் முதன்முறை ஓரத்திலிருந்து தொடங்கியதில் நடுத்துணி அப்பளம்போல் உப்பிவிட, இரண்டு நாள் வேலையைப் பிரிக்க நேர்ந்தது. முறுக்கேறிய பாலியஸ்டர் நூல் நைந்த துணியை அறுத்துவிடும். பருத்தி நூலே வேண்டும்.

கேள்வி: தையற்கடை வைத்திருக்கிறேன். என்னிடம் முழுப் புடவை ஏது? கையகலத் துண்டுகள்தாம் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன.
– வாசகர், ஒசூர்

பதில்: தங்களுக்கு ஏற்றது காந்தா அன்று, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி என்னும் இனத்தாரின் போர்வை. ஆப்பிரிக்க வழிவந்த இம்மக்கள் எல்லாப்பூர், ஹளியாள் வட்டாரங்களில் வாழ்கின்றனர். அடியில் ஒரு பழம்புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளை ஒன்றன் ஓரத்தில் மற்றொன்றாக வைத்து ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே நான்கு ஓரங்களையும் சுற்றி உள்நோக்கி வருவார்கள். சுற்று நடுவில் வந்து முடியும். முன்கூட்டி வரைந்த கட்டம் எதுவும் கிடையாது, கையில் வரும் துண்டே அடுத்த துண்டு. கடைசியில் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணியை அடுக்கித் தைப்பதற்குப் பூ என்று பொருள்படும் 'பூலா' என்று பெயர். அது இல்லாத போர்வையை அவர்கள் முடிந்ததாகக் கொள்வதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. ஜப்பானில் கிழிசல் துணியையே ஊடையாக (குறுக்கிழையாக) ஓட்டி நெய்கிறார்களாமே?
– வாசகர், சென்னிமலை

பதில்: ஆம், அதற்கு 'சகிஓரி' என்று பெயர், சகி கிழித்தல், ஓரி நெசவு. வட ஜப்பானின் குளிரில் பருத்தி விளையாது. ஒசாகா பக்கத்துப் பழந்துணி மேற்குக் கடற்கரை வழியாகக் கப்பலில் அங்கே சென்றது. அதை நாடாவாகக் கிழித்து, சணல் வகை நாரைப் பாவாக்கி (நெடுக்கிழையாக்கி), அழுத்தி அடித்து நெய்த துணி காற்றுக்கும் ஈரத்துக்கும் தாங்கியது. வயலுக்கும் கடலுக்கும் செல்வோர் அதை மேலங்கியாக அணிந்தார்கள்.

தங்கள் தறியில் செய்வதானால் பாவு உறுதியான இரட்டை இழையாகவும், பாவிழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சு அகலக் கண்ணுடையதாகவும் இருக்கட்டும். புடவையை நீளவாக்கில் ஒரு சென்டிமீட்டர் அகலமாகக் கிழித்து, முனையில் விரற்கடை விட்டு நிறுத்தி, அடுத்த கிழிசலை எதிர்முனையிலிருந்து தொடங்குங்கள். இப்படி மாறி மாறிக் கிழித்தால் முழுப் புடவையும் அறுபடாத ஒரே நாடாவாக, 600 மீட்டருக்குக் குறையாமல் வரும். இழை நேராகக் கிழியாத துணி பெரும்பாலும் கலப்பு நூலாக இருக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: பட்டுப் புடவையிலும் காந்தா தைக்கலாமா?
– வாசகி, ஆரணி

பதில்: மடிப்பில் விட்டுப்போன பழம்பட்டு ஊசி பட்ட இடத்திலெல்லாம் கீறிக்கொண்டே போகும். கரையையும் முந்தானையையும் மட்டும் வெட்டி, நூல் துணியின்மேல் வைத்துத் தையுங்கள். சரிகை உள்ள இடத்தில் ஊசியைக் குத்தாமல், அதன் இருபுறமும் தைத்தால் போதும்.